அலாரம் அலறியதை நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்

எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வயரிங் வேலை முடிந்த அன்று, கான்ட்ராக்டர் ஏணியில் ஏறிப் புகை அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினார். காது கிழிய அலறியது. "பாருங்க சார், எல்லாம் பக்கா" என்றார். மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்தேன். மூன்று அலாரங்களிலும் தூசு மூடியைக் கழற்றவே இல்லை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வண்ணம் பூசும்போது தூசு போகாமலிருக்கப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி அது. பல மாடல்களில் அந்த பட்டன் மின்சுற்றையும் சத்தத்தையும்தான் சோதிக்கும். புகை உள்ளே நுழையுமா என்பது அதில் தெரியாது. எட்டு மாதம் ஆறு பேர் அதன் கீழே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறோம். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் காரணம் வேறு ஒரு தொந்தரவு. "அண்ணா, சி.பி.யு.வைத் தொட்டா சுர்ருங்குது" என்று கூட வேலை செய்யும் பெண் இரண்டு மூன்று தடவை சொன்னாள். கான்ட்ராக்டரைக் கேட்டால், "செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். மனசு ஒப்பவில்லை. வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன்.

அவர் டெஸ்ட் லாம்பை ஒரு பிளக் பாயின்ட்டில் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) நடுவே வைத்தார், எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் (கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்) வைத்தார், எரியவில்லை. போர்டைக் கழற்றினால், எர்த்துக்கான பச்சை வயரை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிப் பெட்டிக்குள் சும்மா செருகி வைத்திருக்கிறார்கள். பாயின்ட்டில் மூன்று துளை இருப்பதைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நினைத்தோம்.

அப்புறம் வயர். பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5 சதுர மி.மீ. என்று பில் போட்டுவிட்டு 1.5 இழுத்திருக்கிறார்கள். வயரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும், நான்தான் பார்க்கவில்லை. அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. வேறு (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்). வயர் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடேறினாலும் அது டிரிப் ஆகாது.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இன்னும் மோசம். வயர் இணைப்புகளை மூடி வைக்கும் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. வயர்களை முறுக்கி மேலே சுற்றிய டேப் ஒரு இடத்தில் கருகி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. லைட்டுகளுக்கு சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். அணைத்த பிறகும் எல்.இ.டி. லேசாக மினுங்கியதற்கு அதுதான் காரணம். பல்பை மாற்றப் போனால், சுவிட்ச் அணைத்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

தயவுசெய்து சீலிங் மூடுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு பாயின்ட்டாக எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். அலாரத்தின் பின்பக்கம் தயாரிப்புத் தேதி இருக்கும், பொதுவாகப் 10 வருடத்தில் மாற்ற வேண்டும்.

கான்ட்ராக்டருக்குப் படங்களை அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. நாங்கள் சீலிங்கைப் பிரித்து எல்லா வயரையும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணின் மேசைக்குத்தான் முதலில் எர்த் கொடுக்கச் சொன்னேன்.