மொட்டை மாடியில் பச்சை வலை: மூன்று கோடைக்குப் பிறகு

ரங்கூனில் தாமுவே பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பச்சை நிழல் வலை கட்டி மூன்று கோடை ஓடிவிட்டது. வாங்கிய புதிதில் கேட்டிருந்தால் உடனே வாங்கச் சொல்லியிருப்பேன். இப்போது கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன்.

முதல் தப்பு கடையிலேயே நடந்தது. "அடர்த்தியா இருந்தாத்தான் நல்லது" என்று கடைக்காரர் 75 சதவீத வலையைக் கொடுத்தார். வெயிலில் முக்கால் பங்கு வலையோடு நின்றுவிடும், செடிக்குக் கால் பங்குதான். கத்தரி கழுத்தை நீட்டிக்கொண்டு வளர்ந்தது. இலை அகலம் அகலமாக, பூ ஒன்றுகூட இல்லை. அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "இது கத்தரியா, கீரையாடா?" என்றார். அடுத்த வருடம் 50 சதவீதத்துக்கு மாறினேன்.

அதற்குப் பிறகுதான் வலையின் அருமை தெரிந்தது. மார்ச் தொடங்கி மே பாதிவரை மதியம் ஒரு மணிக்கு மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த நேரத்திலும் வலைக்குக் கீழே புதினா துவளாமல் நிற்கிறது. கொத்தமல்லி கோடையில் சீக்கிரம் பூத்துவிடும், அதை வலையாலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு வாரம் கூடுதலாகப் பறிக்கலாம். பெரிய லாபம் தண்ணீரில்தான். காலையும் மாலையும் ஊற்றிய இடத்தில் இப்போது ஒரு வேளை போதும். கரண்ட் எப்போது வரும், மோட்டார் எப்போது ஓடும் என்று தெரியாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரே இரண்டு நாள் வருகிறது. தொட்டி மண்ணில் உமிக்கரியும் தேங்காய் நாரும் கலந்ததற்கும் அதில் பங்குண்டு, வலைக்கே முழுப் பேரையும் கொடுக்க மாட்டேன்.

தக்காளியில் மட்டும் ஏமாந்தேன். ஏப்ரலில் பூ வரும், காம்போடு உதிரும். வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும், இரவுப் புழுக்கத்தை அது என்ன செய்யும்? இரவிலும் 24 டிகிரிக்கு மேலேயே இருந்தால் தக்காளியில் காய் சரியாகப் பிடிக்காது. குளிர்ந்த மலைநாட்டு இன்லே ஏரியின் மிதக்கும் தோட்டங்களிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதே மேல். எனக்குத் தக்காளி இப்போது நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான், அதுவும் வலை இல்லாமல்.

வெண்டை, காராமணி, புளிச்சகீரை மூன்றுக்கும் வலையே வேண்டாம். பர்மியர்கள் சின்பவுங் என்று வதக்கிச் சாப்பிடும் அதே புளிச்சகீரை, சுட்டெரிக்கும் வெயிலில்தான் தளதளவென்று வளர்கிறது. நிழலில் வைத்தால் புளிப்பே குறைந்துவிட்டது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

இரண்டாம் வருடம் மே மாதம், மழைக்கு முன் அடிக்கும் காற்றில் வலை கப்பல் பாய் மாதிரி உப்பி, மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் போய் விழுந்தது. அந்த பர்மிய அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் ஒரு கூடை மிளகாயோடு போய் நின்றேன். இப்போது விளிம்பை மடித்து உள்ளே கயிறு கோர்த்து, சுவர் கொக்கியில் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டிருக்கிறேன். சித்திரை பிறப்பும் தண்ணீர்த் திருவிழாவும் முடிந்து முதல் மழை இறங்கியதும் கழற்றிவிடுவேன். அக்டோபர் வரை சுருட்டி மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். மழைக்காலத்தில் வெளிச்சமே குறைவு, அதையும் மறைத்தால் இலை காயாமல் அழுகல்தான் வரும். நாற்றுத் தட்டுக்கு மட்டும் அந்தப் பழைய 75 சதவீத வலையில் ஒரு துண்டை மேலே கட்டுகிறேன். கொட்டும் மழை அதில் பட்டுத் தூறலாக இறங்குகிறது. தண்டக் காசு என்று நினைத்தது இப்படி உதவுகிறது.

50 சதவீத வலை கொஞ்சம் வெளிறியிருக்கிறது, இன்னும் ஒரு கோடை தாங்கும் போலிருக்கிறது. தென்மேற்கு மூலையில் கம்பி உரசும் இடத்தில் மட்டும் நூல் தூளாக உதிர்கிறது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றி வைத்திருக்கிறேன்.