நாய், பூனைக்கு வீகன் உணவு: பாக்கெட்டா, வீட்டுச் சமையலா?

புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் வீகனாக (இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடாதவராக) மாறியவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திணறுகிறார்கள்.

சத்து:
பாக்கெட் – ‘முழுமையான உணவு’ என்று அச்சிட்டிருந்தால் டாரின் (கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒரு அமினோ அமிலம்), பி12, வைட்டமின் டி எல்லாம் சேர்த்திருப்பார்கள். ‘துணை உணவு’ என்றிருந்தால் வேண்டாம்.
வீடு – சாதம், பருப்பு, பூசணிக்காய் மட்டும் போதவே போதாது, கால்சியம்கூடத் தேறாது. கால்நடை மருத்துவர் கணக்குப் போட்டுத் தரும் சத்துப்பொடி கட்டாயம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

இதில் பூனை கதையே வேறு. நாய் தனக்கு வேண்டிய டாரினைப் பெரும்பாலும் உடம்பிலேயே செய்துகொள்ளும், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனையால் அப்படி மாற்ற முடியாது, டாரினும் போதிய அளவு ஊறாது. டாரின் குறைந்தால் பார்வை போகும், இதயத் தசையும் தளரும் (இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல்தான் தெரியவந்தது). ஆண் பூனை என்றால், தாவர உணவால் சிறுநீரில் காரத்தன்மை கூடி அடைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

செலவு:
பாக்கெட் – விலை அதிகம்.
வீடு – பருப்பு மலிவு, பொடியும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் அப்படி ஒன்றும் மலிவில்லை.

கெடுவது:
பாக்கெட் – நம்ம ஊர்க் கடல் காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும், இறுக்கி மூடுங்கள்.
வீடு – வெயில் காலத்தில் அன்றன்றைக்குச் சமைக்க வேண்டும்.

வளர்ந்த, ஆரோக்கியமான நாய், சமைக்க நேரமும் உண்டு என்றால் வீட்டுச் சமையல் சரி. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாக்கெட். பூனைக்குச் சமைத்துப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாக்கெட்டைக்கூட குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனையோடு தொடங்குங்கள்.