பால் அலர்ஜி உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து படியுங்கள், 11,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம்

கோபத்தில் கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கடையின் விளம்பரம் இன்று காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்து இன்னொரு வீட்டில் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. மகனுக்கு இரண்டரை வயசு. பாலில் இருக்கும் புரதம் அவனுக்கு அலர்ஜி. முதல் முறை பசும்பால் கொடுத்தபோதே வாயைச் சுற்றித் தடிப்பு, கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் பரவி வாந்தி. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த டாக்டர், பால், தயிர், மோர், பனீர், கோவா எதுவும் கூடாது, ஆட்டுப்பாலிலும் கிட்டத்தட்ட இதே புரதம்தான், அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் இதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? விருந்தாளி வந்தால் கையில் ஆற்காடு மக்கன் பேடா, அது முழுக்க கோவா. கல்யாண வீட்டுப் பிரியாணியில் தயிர். "ஒரு வாய் நெய்ச்சோறு தின்னா புள்ளைக்கு என்னாடி ஆவப்போவுது" என்று ஆயா தினமும் கேட்கும்.

இந்த நிலைமையில்தான் "பால் இல்லாத குழந்தை உணவு" விற்கும் ஒரு ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. மெசேஜ் போட்டதும் ஒரு பெண்ணே போன் செய்து பேசினார். பையனுக்கு எவ்வளவு எடை, ராத்திரி சரியாகத் தூங்குகிறானா, எதை விரும்பிச் சாப்பிடுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "என் பொண்ணுக்கும் இதே பிரச்சினைதான் அக்கா, நான் பட்ட கஷ்டத்தாலதான் இந்தக் கம்பெனியே ஆரம்பிச்சேன்" என்றார். சொந்தக்காரர்களே "செல்லம் கொடுத்துக் கெடுக்கிற" என்று பேசும்போது, ஒருத்தர் இப்படிப் பொறுமையாகக் கேட்டால் மனசு இளகாமல் என்ன செய்யும். அப்போதும் நான் தெளிவாகக் கேட்டேன், பால் புரதம் கொஞ்சம்கூட இருக்காதுதானே என்று. "துளிகூட இருக்காது அக்கா, நான் கேரண்டி." இது வாய்ஸ் மெசேஜாக என் போனில் இருக்கிறது. பால் குடிக்காத பிள்ளைக்கு எலும்பு வளராது, மூன்று மாதத் திட்டம் எடுத்தால்தான் பலன் தெரியும் என்றும் பயமுறுத்தினார். முந்திரிப் பால் பவுடர், பிஸ்கட், சத்துமாவு, கூடவே ஒரு டயட் சார்ட். மொத்தம் 11,800 ரூபாய், ஒரே தவணையில். என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். 11,800 ரூபாய் எங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்சல் வந்தது. அந்தப் பவுடரை வெந்நீரில் கலக்கிக் கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, உதடு வீங்கிவிட்டது, காது சிவந்து, முதுகு பூரா தடிப்பு, விடாமல் இருமல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டார்கள். மூச்சு அடைக்கும் அளவுக்குப் போகவில்லை, அந்த மட்டில் பிழைத்தான்.

வீட்டுக்கு வந்து டப்பாவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், பொருள் பட்டியல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் உரித்தேன். அடியில் வேறு கம்பெனி லேபிள். "லாக்டோஸ் இல்லாதது" என்று பெரிதாகவும், "சோடியம் கேசினேட்" என்று பொடி எழுத்திலும் அச்சடித்திருக்கிறது. கேசின் என்பதே பால் புரதம்தான், அதிலிருந்து எடுப்பதுதான் இந்தக் கேசினேட். லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை, அதை நீக்கினாலும் புரதம் அப்படியே இருக்கும். அலர்ஜி புரதத்துக்குத்தானே! இது தெரியாமல் விற்றார்களா, தெரிந்தே ஸ்டிக்கர் ஒட்டினார்களா? ஸ்டிக்கர் தானாக ஒட்டிக்கொள்ளாது.

உடனே போன் செய்தேன். அந்தப் பெண் பதறவே இல்லை. "அது நல்ல அறிகுறி அக்கா, உடம்புல இருக்கிற நச்சு வெளியே வருது, நிறுத்தாம கொடுங்க" என்றார். நிறுத்தாமல் கொடுக்கவாம்! நான் அப்படியே நம்பி இரண்டாவது தடவை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லேபிள் போட்டோ அனுப்பியதும் அக்கா மேடம் ஆகிவிட்டேன். "இது லாக்டோஸ் ஃப்ரீதான் மேடம், எங்க டீம் பார்க்குறாங்க." அப்புறம் பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும், திறந்த டப்பாவுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். சரி, திறக்காத பிஸ்கட், சத்துமாவுக்காவது கொடுங்கள் என்றால், மொத்தப் பணமும் டயட் சார்ட்டுக்கான கட்டணம், பொருளெல்லாம் இலவசமாம். ஒரு பக்கக் காகிதத்துக்கு 11,800 ரூபாயா? வீட்டுக்காரர் நம்பரிலிருந்து பேசினோம், ஒரு ஆள் எடுத்து "டாக்டர் சர்டிஃபிகேட் அனுப்புங்க சார்" என்றான். அனுப்பினோம். இரண்டு நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் எழுதியதையும் அழித்துவிட்டார்கள்.

டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவருக்கே கோபம் வந்துவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120தான், கூழும் எள்ளுருண்டையும் முருங்கைக்கீரையும் கொடும்மா, இந்தப் பவுடர் எதற்கு என்றார்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பிள்ளை எழுந்துவிட்டான், அவசரமாகச் சொல்கிறேன். கேசின், கேசினேட், வே (whey, பால் திரிந்ததும் பிரியும் நீரில் இருக்கும் புரதம்), பால் திடப்பொருள் என்று எது இருந்தாலும் வாங்காதீர்கள். பச்சைப் புள்ளி சைவத்துக்குத்தான், பால் இல்லை என்பதற்கு இல்லை. ஏ2 பால் என்றாலும் அதுவும் பால்தான், அலர்ஜிப் பிள்ளைக்கு ஆகாது. பாக்கெட்டில் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். சாப்பிட்டதும் மூச்சு வாங்கினால், தொண்டை கரகரத்தால் யாருக்கும் போன் போட்டு யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கப் போகிறேன், கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. டப்பா, உரித்த ஸ்டிக்கர், வாய்ஸ் மெசேஜ், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் யாராவது இதே மாதிரி "மூன்று மாதத் திட்டம்" வாங்கியிருந்தால் பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.