கலோரிக் கணக்கா, 16 மணி நேரப் பட்டினியா, பாதித் தட்டுக் காய்கறியா?

எடை குறைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த டயட் நல்லது?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. புதன்கிழமை இரவு எட்டரை மணி, வேலை முடிந்து சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்குகிறீர்கள், பசி வயிற்றைக் கிள்ளுகிறது, வீட்டில் சமையல் ஆகவில்லை. அந்த நேரத்தில் உங்களால் அந்த முறையைக் கடைப்பிடிக்க முடியுமா? திங்கட்கிழமை காலையில் எல்லா முறையும் நல்ல முறைதான். புதன் இரவைத் தாங்குவது எது என்று பார்த்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் 160 சென்டிமீட்டர். தொடங்கியபோது எடை 76 கிலோ. ஆசியர்களுக்கு எடை கொஞ்சம் கூடினாலே நீரிழிவு, இதய நோய் அபாயமும் கூடுகிறது என்பதால், சிங்கப்பூரில் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம், 27.5க்கு மேல் அதிக அபாயம் என்று வகுத்திருக்கிறார்கள். என் உயரத்துக்கு அந்த இரண்டு கோடுகளும் ஏறக்குறைய 59 கிலோவிலும் 70 கிலோவிலும் விழுகின்றன. நான் மேல் கோட்டையும் தாண்டி நின்றேன். இருபது மாதங்களில் நான்கு முறைகளை முயன்று இப்போது 67.5 கிலோவில் இருக்கிறேன். நான்கில் எது எனக்கு உண்மையாகவே உதவியது, எது ஆசை காட்டிவிட்டுப் போனது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் கலோரிக் கணக்கு. கைப்பேசியில் ஒரு செயலி, சமையலறையில் ஒரு சின்னத் தராசு. இதன் பெரிய பலம், கண்ணைத் திறந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. தாளிக்க, வதக்க, மீன் பொரிக்க என்று நான் ஊற்றிய எண்ணெயை முதல் தடவை அளந்தபோது ஒரு வேளைச் சமையலுக்கே ஆறு கரண்டி போயிருந்தது. அதுவரை நான் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டு, குழம்பின் மேல் மிதந்ததைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன். இந்த ஒரு பாடத்துக்காகவே எல்லோரும் இரண்டு வாரமாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆனால் நம் வீட்டுச் சமையல் ஒரே சட்டியில் வெந்து ஐந்து பேருக்குப் பிரிவது. அதில் என் பங்கு எத்தனை கிராம்? வெளியில் சாப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். தேக்கா உணவங்காடியில் வாங்கும் மீ கோரெங்கில் (வறுத்த நூடுல்ஸ்) எத்தனை கரண்டி எண்ணெய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செயலியில் தேடினால் ஒரே உணவுக்கு நான்கு விதமான எண்கள் வரும். புதன் இரவில் ஏதோ ஒரு எண்ணைப் போடுவேன், மறுநாள் அதுவும் விட்டுப்போகும், பிறகு அந்த வாரமே கைநழுவிவிடும். ஏழு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. நிறுத்தியதும் இரண்டு கிலோ திரும்பி வந்தது.

அடுத்தது 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, எட்டு மணி நேரத்துக்குள் உணவை முடிக்கும் முறை. விரதம் நமக்குப் புதிதில்லை. சஷ்டி, ஏகாதசி என்று வளர்ந்தவர்களுக்கும், ரமலான் நோன்பு நோற்பவர்களுக்கும் வெறும் வயிற்றைக் கண்டு பயம் கிடையாது. கணக்குப் பார்க்க வேண்டாம், தராசு வேண்டாம், செலவும் இல்லை. காலையில் பசியே எடுக்காதவர்களுக்கு இது உண்மையிலேயே எளிது. என் கணவருக்கு இன்றுவரை ஒத்துவருகிறது.

எனக்கு ஒத்துவரவில்லை. மதியம் 12 முதல் இரவு 8 வரை என்று வைத்துக்கொண்டால், எட்டரைக்கு வீடு வரும் எனக்குக் கதவு அடைபட்டிருக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளையையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை முன்னே நகர்த்தி ஆறு மணிக்கு அலுவலகத்தில் சாப்பிட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் தட்டிலிருந்து ஒவ்வொரு வாயாக எடுத்துக்கொண்டிருந்தேன். சரி, அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேர், ஓராண்டு. எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள், பாதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் சராசரியாக 8 கிலோ, இல்லாதவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது இல்லை என்பதே முடிவு. ஆக, கடிகாரத்துக்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை. குறைவாகச் சாப்பிட அது ஒரு வழி, அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். இன்சுலின் போடுபவர்களும், நீரிழிவுக்குச் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் வேளை தவறிச் சாப்பிட்டால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது வேண்டாம்.

மூன்றாவது, மாதச் சந்தாவில் வீட்டு வாசலுக்கே வரும் டயட் சாப்பாடு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. புதன் இரவுச் சோதனையில் முழு மதிப்பெண், ஏனென்றால் டப்பாவைச் சூடாக்கினால் போதும். ஆனால் நான் சேர்ந்த இடத்தில் இரண்டாவது வாரமே அதே கோழி, அதே புரோக்கோலி. காரம் புளிப்பு இல்லாத சாப்பாடு நாக்கில் ஒட்டவில்லை. மாதம் முடிந்தபோது எடை குறைந்திருந்தது, எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்கவில்லை.

நான்காவது, சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் கொண்டுவந்த மை ஹெல்தி பிளேட். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம். பலதுறை மருந்தகச் சுவரில் இந்தப் படத்தைப் பல தடவை பார்த்தும் நான் அலட்சியமாகத்தான் கடந்து போனேன். பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிட்டேன். இன்று இந்த முறைதான் என்னோடு நிற்கிறது.

நம் வாழை இலையை நினைத்துப் பாருங்கள். நடுவில் சோறு மலையாக இருக்கும். பொரியலும் கூட்டும் இலையின் மேல் ஓரத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி. இந்த முறை கேட்பது, சோறும் பொரியலும் இடம் மாறிக்கொள்வதைத்தான். சமையல் அப்படியே இருக்கும். கத்தரிக்காய், புடலை, வெண்டை, காங்கோங், சாவி கீரை என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. சில விஷயங்களில் மட்டும் நாம் ஏமாந்துவிடுகிறோம். உருளைக்கிழங்கு வறுவல் காய்கறிக் கணக்கில் வராது, அது சோற்றின் பங்கு. கேழ்வரகுக் களி நல்லதுதான், ஆனால் அதுவும் அந்தக் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். ரசத்தைப் பருப்பு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

புரதத்தில்தான் நம் தட்டு இளைத்துப்போகிறது, அதிலும் சைவக்காரர்களுக்கு. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் பதினோரு மணிக்குப் பசி வந்து பிஸ்கட்டைத் தேடச் சொல்லும். இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், அவித்த முட்டை என்று மாற்றினேன், மதியம் வரை தாங்குகிறது. முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு இந்த ஊர் ஒரு வரம். ஈரச்சந்தையில் தௌ குவா எனும் கெட்டி டோஃபுவும், புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பேயும் மலிவு. டெம்பேயைச் சின்னதாக நறுக்கி, கறிவேப்பிலை, மிளகு போட்டுக் கொஞ்சம் எண்ணெயில் பிரட்டினால் கோழி வறுவலுக்கு ஏங்க வேண்டாம். புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் ஓடியது.

இனி புதன் இரவு. தட்டுமுறை உணவங்காடி நிலையத்துக்கும் கூடவே வரும், இதுதான் அதன் உயிர்நாடி. கலவைச் சோற்றுக் கடையில் இரண்டு காய்கறி, ஒரு மீன் அல்லது தௌஹூ (டோஃபு), சோறு பாதி என்று கைகாட்டினால் தட்டு தானாக அமைந்துவிடும். குழம்பை மேலே ஊற்ற வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள், எண்ணெயும் உப்பும் அங்கேதான். வேண்டியதை நாமே பொறுக்கி வேகவைத்துத் தரச் சொல்லும் யோங் தாவ் ஃபூ கடையில் கீரையும் காளானும் தௌஹூவும் பொறுக்கி சூப்பாக வாங்கலாம், பொரித்த தௌஹூ தோலை மட்டும் அளவாக. துண்டுமீன் சூப் இன்னொரு நல்ல தேர்வு. நம் கடைகளில் இரண்டு பிராட்டாவா (பரோட்டா), இரண்டு தோசையா என்றால் தோசையைத்தான் சொல்வேன். பிராட்டா மாவிலேயே கொழுப்பு, கல்லில் போடும்போது இன்னும் கொஞ்சம். லக்சாவும் லொந்தோங்கும் தேங்காய்ப்பாலில் மிதப்பவை. அவற்றை விலக்கவே வேண்டாம், மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டு ரசித்துச் சாப்பிடலாம்.

சாப்பாட்டைவிட எனக்கு எளிதில் கிலோவைக் குறைத்தது கோப்பிக்கடைப் பழக்கத்தை மாற்றியதுதான். வெறுமனே "தே" என்று கேட்டால் சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் வரும். அந்தப் பாலில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. ஒரு நாளைக்கு மூன்று குவளை குடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்தினால் தலைவலிதான் மிஞ்சும் என்று படிப்படியாக இறங்கினேன்: முதலில் சியூ டாய் (இனிப்புக் குறைவு), பிறகு தே சி சியூ டாய் (கெட்டிப்பாலுக்குப் பதில் ஆவிப்பால், சர்க்கரை குறைவு), இப்போது தே சி கோசோங் (ஆவிப்பால், சர்க்கரையே இல்லை). நாக்கு பழக ஐந்து வாரம் ஆயிற்று. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் வந்துவிட்டது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. பெரிய கடைகளின் விலைப்பட்டியலில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அதிலும் பபிள் டீ வரிசையில் நிற்கும்போது.

தட்டுமுறையிலும் குறை இருக்கிறது. அது மெதுவானது. கலோரி எழுதியபோது வாரம் அரைக் கிலோ குறைந்தது, இதில் சில மாதம் ஒரு கிலோகூட இல்லை. காய்கறியையே எண்ணெயில் மிதக்கவிட்டால் தட்டின் பிரிவு சரியாக இருந்தும் எடை அசையாது. அதனால் நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு வாரம், பழைய தராசை எடுத்து எண்ணெயையும் சோற்றையும் அளக்கிறேன். கை தாராளமாகியிருந்தால் தெரிந்துவிடும்.

ஜாமா என்ற மருத்துவ இதழில் 2005இல் 160 பேரை நான்கு வெவ்வேறு டயட்டுகளில் பிரித்து ஓராண்டு கவனித்த ஆய்வு வந்தது. எந்த டயட் என்பதைவிட, அதை எவ்வளவு தூரம் ஒழுங்காகப் பின்பற்றினார்கள் என்பதே எடையோடு ஒட்டிப்போனது. அதனால்தான் ஊக்கத்தைப் பற்றியும் இங்கே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

தினமும் எடை பார்ப்பதா, வாரம் ஒரு தடவையா? நான் தினமும் பார்த்தேன், தினமும் வாடினேன். இரவு உப்பு அதிகமான சூப் குடித்தால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும். அது நீர், கொழுப்பு இல்லை. முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்குவதிலும் பெரும்பங்கு நீர்தான். அது நின்றதும் பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். இப்போது சனிக்கிழமை காலை மட்டும் பார்க்கிறேன், மாதம் ஒரு தடவை இடுப்பளவும் எடுக்கிறேன். எடை அசையாத இரண்டு மாதத்தில் இடுப்பு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அந்த நாடாதான் என்னைத் தொடர வைத்தது. எண்ணைப் பார்த்துக் கலங்காதவர்கள் தினமும் பார்க்கலாம், தவறில்லை.

பரிசா, துணையா? சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியில் காலடிகளுக்குப் புள்ளி சேரும், அதைப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் அது என்னை உண்மையாகவே நடக்க வைத்தது, எம்ஆர்டியிலிருந்து பேருந்தில் போகாமல் நடந்து வந்தேன். ஆனால் மழை பெய்யும் வேளையில் ஐந்து வெள்ளிப் பற்றுச்சீட்டு யாரையும் வெளியே இழுக்காது. என்னை இழுத்தது எதிர்வீட்டு அக்காதான். அவருக்கு அறுபத்து மூன்று வயது. காலை ஆறரை மணிக்கு மின்தூக்கி முன்னால் நிற்பார். "வாம்மா, கீழ்த்தளத்துலயே பத்துச் சுத்து சுத்திட்டு வந்துடலாம், மழை என்ன செய்யப் போகுது?" என்பார். வராமல் போனால் அவர் தனியாக நடப்பாரே என்ற எண்ணம் போதும். அப்புறம், நடை மட்டும் போதாது. எடை குறையும்போது தசையும் கரையும், வாரம் இரண்டு நாளாவது பளு தூக்க வேண்டும். நாங்கள் இருவரும் தண்ணீர் நிரப்பிய போத்தல்களில் தொடங்கி, இப்போது சமூக மன்ற வகுப்புக்குப் போகிறோம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் குடும்ப மருத்துவரோடு இணைக்கும் அரசுத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் ஒரு மருத்துவரோடு பதிந்துகொண்டு, எந்த முறை உங்கள் மருந்துகளோடு ஒத்துப்போகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அக்காவுக்கு முட்டி வலி என்பதால் அவர் மருத்துவர் படியேறுவதை நிறுத்தி நீச்சல்குளத்தில் நடக்கச் சொன்னார். நானாக இருந்தால் அவரைப் பத்து மாடி ஏற வைத்திருப்பேன்.

தீபாவளிக்கு என்ன செய்கிறீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கலோரி எழுதிய ஆண்டில் முறுக்குக்கு எண் தேடிச் சலித்து, மூன்று நாள் எழுதாமல் விட்டவள், பொங்கல் வரை திரும்பவே இல்லை. போன தீபாவளிக்குக் காலையில் அதிரசம், முறுக்கு, மட்டன் பிரட்டல் எல்லாம் சாப்பிட்டேன். இரவு வீட்டில் கீரையும் மீனும் கொஞ்சம் சோறும் வைத்து அதே தட்டு. மறுநாள் ஆறரைக்கு அக்கா மின்தூக்கி முன்னால் நின்றார், கையில் எங்களுக்கு ஒரு டப்பா ஓமப்பொடியோடு.