மூன்று வருடக் குளுக்கோமீற்றரும் மூன்று சி.ஆர். கொப்பிகளும்

இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்கிற டயலிசிஸ் அப்பாவுக்குத் தொடங்கிய கிழமையே, விரலில் குத்திச் சீனி பார்க்கிற இந்தக் குளுக்கோமீற்றரை வாங்கினோம். மூன்று வருடமாகிவிட்டது. சலரோகம் அவருக்கு இருபது வருடத்துக்கு மேல். சிறுநீரகம் பழுதானது அதற்குப் பிறகு. வீடு மாங்குளத்துக்கு உள்ளே; கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸுக்காக ஏ9 வீதியில் வடக்கே பஸ் ஏறுகிறோம். மீற்றரின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் எந்த மீற்றர் என்பதல்ல எங்கள் பிரச்சினையாக இருந்தது.

முதல் மாதங்களில் எண் கூடினால் பயந்தேன், குறைந்தால் சந்தோஷப்பட்டேன். அது எவ்வளவு பிழை என்று வழியில் இருக்கிற முறிகண்டியில் தெரிந்தது.

அன்று ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அப்பா வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டு இரண்டு பிஸ்கட்டோடு வெளிக்கிட்டார். மெஷினில் இருந்த நான்கு மணித்தியாலமும் பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது பஸ் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. "பிள்ளை, இறங்கிக் கச்சான் வாங்குவம்" என்றார். கச்சானில் பொஸ்பரஸும் பொட்டாசியமும் கூட, சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது; அவருக்கே தெரியும். "வேண்டாம் அப்பா" என்றேன். திரும்பவும் அதையே சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது நாக்குக் குழறியது. சேட்டின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 48 (மி.கி./டெ.லீ.), ஆபத்தான அளவுக்குக் குறைவு. பக்கத்துச் சீற்று அம்மா பாவம், இளநீர் வாங்கட்டுமா என்று கேட்டார். அதிலும் பொட்டாசியம்! பையில் இருந்த சீனியில் மூன்று தேக்கரண்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் 86. "ஏன் என்னை இப்படிப் பாக்கிறாய்?" என்று கேட்டார்.

பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது வேலை செய்யாவிட்டால் போட்ட ஊசி உடம்பில் நெடுநேரம் நிற்கும். சாப்பிடாத நேரத்தில் குளுக்கோஸ் தயாரித்துக் கொடுக்கிற வேலையையும் சிறுநீரகம் கொஞ்சம் செய்கிறது, அதுவும் நின்றுவிடும். அப்பாவுக்கு டயலிசிஸ் நாள் காலை ஊசியைப் பாதியாக்கினார். இது அப்பாவின் கணக்கு. உங்கள் வீட்டுக்காரரின் கணக்கை உங்கள் டொக்டர்தான் போட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சி.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எண்ணை மட்டும் எழுதினால் போதாது; டயலிசிஸ் நாளா, முன்னா பின்னா, என்ன சாப்பிட்டார் என்றும் எழுத வேண்டும். மூன்று மாதம் எழுதியதும் ஒரு ஒழுங்கு தெரிந்தது. மெஷினில் ஏறும்போது 230, இறங்கும்போது 120, இரவு 280. இரவுச் சாப்பாட்டில் களவு நடக்கிறது என்று அம்மாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். அம்மாவில் பிழை இல்லை. டயலிசிஸ் திரவத்தில் குளுக்கோஸ் பெரும்பாலும் 100 அளவில்தான் இருக்கும், அதனால் இரத்தத்தில் கூட இருக்கிற சீனி அதற்குள் இறங்கிவிடும். இன்சுலினிலும் ஒரு பங்கு வடிகட்டியோடு போய்விடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் ஏறாமல் என்ன செய்யும்?

மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்கிற இரத்தப் பரிசோதனை எங்களை நன்றாக ஏமாற்றியது. 6.2 என்று வந்தபோது வீட்டில் பாயாசம் காய்ச்சாத குறை. கொப்பியிலோ 200க்குக் குறைந்த இரவே இல்லை. டயலிசிஸ்காரருக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்துவிடும், இரத்தம் கூடுவதற்கு ஊசியும் போடுகிறார்கள், சிலவேளை இரத்தமும் ஏற்றுகிறார்கள். அந்தப் பரிசோதனை பார்ப்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கிற சீனியை; புதுச் சிவப்பணுவில் அது ஒட்ட நேரம் எங்கே? கிளினிக்குக்கு இப்போது கொப்பியையும் கொண்டு போகிறேன்.

சரி, மீற்றரின் குறைகள். இரத்தச்சோகை உள்ளவருக்கு இது எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒரே நேரத்தில் பார்த்ததில் லாப்பில் 142, இதில் 165. ஆகவே 80 என்று காட்டினால் நான் நிம்மதியாக இருப்பதில்லை. ஸ்ட்ரிப் போத்தலை அடுப்படித் தட்டில், தகரக் கூரைக்குக் கீழே வைத்து ஒரு போத்தல் முழுவதையும் பழுதாக்கினோம். வன்னி வெயிலுக்கு அது தாங்காது. இப்போது நடு அறையில் இருக்கிறது, மூடி இறுக்கி. பேரப்பிள்ளைகளுக்குப் பணியாரத்துக்கென்று பனம்பழம் பிசைந்த கையைத் துடைத்துவிட்டு அப்பா ஒருநாள் குத்தினார். 312! சோப் போட்டுக் கழுவிவிட்டுப் பார்த்தால் 168. டயலிசிஸ் ஊசி ஏற்றுவதற்கு இரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்ரியூலா இருக்கிற இடது கையில் குத்துவதில்லை. வாங்க முன்னம் அந்த மீற்றருக்கான ஸ்ட்ரிப் பக்கத்துப் பாமசியில் எப்போதும் இருக்கிறதா என்று கேளுங்கள், மீற்றரை விட அதற்குத்தான் காசு போகும்.

சீனி கூடினால் தண்ணீர் விடாய்க்கும் என்பதையும் கொப்பிதான் காட்டியது. அப்பாவுக்குச் சிறுநீர் அநேகமாக இல்லை, குடிப்பதெல்லாம் நிறையாக ஏறும். 280, 300 என்று போன கிழமைகளில் டயலிசிஸுக்கு இடையில் மூன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. 180க்குள் நின்றபோது இரண்டு. தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைத்ததை விட இது பலன் தந்தது.

இப்போது மூன்றாவது கொப்பி. டயலிசிஸ் முடிந்து பஸ் ஏற முன்னம் ஒருமுறை குத்திப் பார்த்து, 100க்குக் கீழே என்றால் பிஸ்கட் சாப்பிட்ட பிறகே ஏறுகிறோம். முறிகண்டியில் பஸ் நின்றால் அப்பா என்னைப் பார்ப்பார். "இண்டைக்கு உண்மையாவே கச்சான் ஆசைதான் பிள்ளை" என்பார். அப்படியும் ஒருக்கால் குத்திப் பார்த்துவிடுவேன்.