புது வகை நாவலுக்குள் நுழைய: விருதுப் பட்டியலா, பிடித்த எழுத்தாளரா?

துப்பறியும் கதைகளே படித்துச் சலித்துவிட்டது, அறிவியல் புனைவோ திகிலோ பார்க்கலாம் என்று தோன்றும். சரி, எதிலிருந்து தொடங்குவது? விருது வாங்கிய நூல்களின் பட்டியலைப் பிடிக்கலாம், அல்லது ஏற்கெனவே பிடித்த எழுத்தாளர் வேறு வகையில் எழுதியதைத் தேடலாம்.

தேடும் சிரமம்
விருது: அதிகமில்லை. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் (ஃபேன்டஸி) ஹியூகோ (1953 முதல்), குற்றக் கதைக்கு எட்கர், திகிலுக்கு பிராம் ஸ்டோக்கர். வென்ற நூலோடு நிற்காமல் இறுதிப் பட்டியலையும் பாருங்கள், வகையின் வீச்சு அங்கேதான் தெரியும்.
எழுத்தாளர்: கொஞ்சம் தோண்ட வேண்டும். அகதா கிறிஸ்டி மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் 6 நாவல்கள் எழுதினார். துப்பறிவாளரைத் தேடிப் போனால் ஒருவரும் இருக்கமாட்டார்!

ஏமாறும் வாய்ப்பு
விருது: உண்டு. ஹியூகோவுக்கு வாக்களிப்பவர்கள் உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், அதே வகைகளுக்கான இன்னொரு விருதான நெபுலாவுக்கு எழுத்தாளர்கள். இரண்டும் வேறு ருசி. அப்புறம், தொடரின் இரண்டாம், மூன்றாம் பாகம்கூடப் பரிசு வாங்கும். அதைக் கவனிக்காமல் நானே ஒரு தொடரின் நடுவில் குதித்து, யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாமல் விழித்தேன்.
எழுத்தாளர்: குறைவு. நடை ஏற்கெனவே பழக்கம். அறிவியல் புனைவு எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1950-களில் எழுதிய ரோபோ நாவல்களில் கொலை விசாரணைதான் கதையின் முதுகெலும்பு. துப்பறியும் வாசகருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

செலவு
நூலகம் இருந்தால் இரண்டும் ஒன்றே.

தயக்கத்தோடு முதல் அடி வைப்பவர் எழுத்தாளரின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நாலைந்து வகைகளை ஒரே மூச்சில் ருசிபார்க்கத் துடிப்பவருக்கு விருதுப் பட்டியல். என் ஓட்டு எழுத்தாளருக்கு.