அலாஸ்கா எண்ணெய்க் குழாய்: மண்ணுக்குள்ளா, தூண்மேலா?

வட அலாஸ்காவின் ப்ரூடோ விரிகுடாவில் 1968-இல் எண்ணெய் கிடைத்தது. அதைத் தெற்கே வால்டீஸ் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் 1,287 கி.மீ. குழாய் 1977-இல் ஓடத் தொடங்கியது. அதில் பாதிக்குமேல் தூண்களின்மீது நிற்கிறது.

புதைப்பதே மலிவு, பாறையிலும் சரளையிலும் அதுதான் சரி. பனிக்கட்டி செறிந்த உறைமண்ணில் புதைத்தால் சூடான எண்ணெய் மண்ணை இளக்கும், நிலம் அமுங்கும், குழாய் வளைந்து விரிசல் விடும். அங்கே தூண்தான் நம்பகமானது. தூணுக்குள் இருக்கும் அம்மோனியா குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலேறும். உச்சியிலுள்ள அலுமினியத் தகடுகளில் குளிர்ந்து திரவமாகி இறங்கும். இப்படித்தான் அடிமண் உறைந்தே இருக்கிறது.

2002-இல், குழாய் கடந்துசெல்லும் டெனாலி என்ற நிலப்பிளவில் 7.9 அளவு நிலநடுக்கம் வந்தும் எண்ணெய் சிந்தவில்லை. அங்கே குழாய் விட்டங்களின்மேல் பக்கவாட்டில் நகர இடம் விட்டிருந்தார்கள். புதைத்த குழாய்க்கு இந்த வசதி கிடையாது.